குட்டி யானைக்கு வாசலில் பிரேக் வேலை: தூசியை ஊதலாமா?

பின் சக்கரத்தைக் கழற்றி வீட்டு வாசலிலேயே பிரேக் ஷூ மாற்றுவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிய சங்கதி அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ஜனங்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர் கேன், காய்கறி, கம்பெனி சரக்கு எல்லாம் அதில்தான் போகிறது. பல வண்டிகளில் முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. மெக்கானிக் வேலையையும் ஏன் விடவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியை எடுத்துவிடுகிறார்.

"ஷூ மாத்த வண்டியை ஷெட்டுல விட்டா, அன்னிக்கு வாடகை போச்சு. டியூ யாரு கட்டுறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. தினமும் அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு இல்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கும்? ஆனால் அரைகுறையாக மூடிவிட்டு, திங்கட்கிழமை முக்கால் டன் சரக்கோடு சி.டி.எச். ரோட்டில் இறங்கினால்? முன்னால் நிற்பது ஆபீஸ் போகிறவர்கள் படியில் தொங்கும் பஸ்!

கை பிரேக் காப்பாற்றாது

ஜாக்கி விஷயத்தில்தான் முதல் ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். இந்த வண்டிகளில் அது பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். அதைத்தான் தூக்கியாகிவிட்டதே! அதோடு, ஹேண்ட் பிரேக்கை விட்டால்தான் டிரம்மே கழலும். ஆகவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். மழைக்குப் பிறகு மண் தெருவில் ஜாக்கி மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அடியில் கனமான பலகை, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு, இரண்டும் அவசியம். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸ் அடியில் படுக்கப் போட்டால் இன்னும் நல்லது.

கறுப்புத் தூசி

டிரம்மைத் திறந்ததும் கறுப்புத் தூசி கொட்டும். உடனே என்ன செய்கிறார்கள்? வாயால் ஊதுகிறார்கள். பக்கத்துப் பஞ்சர் கடை ஏர் ஹோஸை இழுத்து வந்து அடிக்கிறவர்களும் உண்டு. அருகே வீட்டுக் குழந்தை நின்று வேடிக்கை பார்க்கும்!

பழைய காலத்து லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருந்தது. அதன் நுண்ணிய இழை நுரையீரலில் தங்கிவிடும். 20, 30 வருஷம் கழித்துக்கூட அது புற்றுநோயாக வரலாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம் என்று 1986-லேயே அமெரிக்க அரசு மெக்கானிக்குகளை எச்சரித்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்கான வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்பு சொன்னது.

இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் மலிவாக வாங்குகிற, பெயர் தெரியாத சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? எல்லாத் தூசியையும் விஷமாகவே நினைக்கவேண்டும். சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் பிரேக் செய்து கொடுப்பதே இந்த வட்டாரம்தான். 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. ரானே குழுமத்தின் லைனிங் தொழிற்சாலை அம்பத்தூரில் இருக்கிறது. அந்த வாசல்களைத் தாண்டி டூப்ளிகேட் லைனிங் போட்ட வண்டி ஓடினால் அது கொடுமை அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர்களைக் கூப்பிட்டுச் செய்முறை காட்டினால் கம்பெனிகளுக்கு என்ன குறைந்துவிடும்? ஆர்.டி.ஓ. ஆபீசும் சேர்ந்துகொள்ளலாம். எப்.சி. என்பது 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் பிரேக் டிரைவர் பொறுப்பு.

ஷூவோடு முடியாது

ஷூவை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் புது லைனிங்கும் நாசம்தான். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது நம்ம ஊர் வைத்தியம். அது பலிக்காது. சூடு ஏறியதும் குடித்த ஆயில் திரும்ப மேலே வரும். சிலிண்டர் கப்பையும் பெட்ரோலில் கழுவக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலில்தான் கழுவணும்.

ஒரு பக்கத்தை மூடிய பிறகே மறுபக்கத்தைப் பிரிக்கவேண்டும். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் இருக்குமே! மாற்றுவது மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். காசுக்குப் பார்த்து ஒரு பக்கம் போட்டால், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

எல்லாம் மாட்டியதும் பெடலை மிதித்துப் பார்க்கவேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கிறது. ஏர் எடுத்து முடிக்கிற வரை வண்டியை நகர்த்தவே கூடாது. பெடல் கெட்டியாக நின்றால், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், காலி வண்டியாக, மெதுவாக ஓட்டி நாலு தடவை நிறுத்திப் பார்க்கலாம். சரக்கு ஏற்றுவது அதற்கு அப்புறம்.