கடிபட்ட கோழியைக் கைவிடலாமா?

சென்ற இதழில், கோடை வெயிலில் கோழிகளுக்கு நிழலும் நீரும் அமைத்துத் தருவதைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த தாய்மார் சிலர், கீரி கடித்த கோழியை என்ன செய்வது என்று கேட்டுள்ளனர். கடிபட்ட கோழி எப்படியும் பிழைக்காது, சாகுமுன் அறுத்துவிடுவதே இலாபம் என்பது நம் வீடுகளில் பொதுவாக நிலவும் எண்ணமாகும். ஆயினும் அவ்வாறு அறுக்கப்படும் கோழிகளுள் பல, சில வாரக் கவனிப்பில் எழுந்து மேயக் கூடியவையே. முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் குடும்பத்திற்கு, முட்டையிடும் பெட்டைக்கோழி ஒன்று சிறிய உடைமையன்று.

பகலில் கீரியும் வல்லூறும் தெருநாயும், இரவில் மரநாயும் காட்டுப்பூனையும் நம் கோழிகளுக்குப் பகையாம். இவற்றின் பிடியிலிருந்து தப்பிய கோழி, காயத்தினால் மட்டும் இறப்பதில்லை. அதிர்ச்சி, குளிர், தாகம், ஈக்கள், உடன்வாழும் கோழிகளின் கொத்து ஆகிய இவ்வைந்துமே அதனைப் பெரும்பாலும் முடித்துவிடுகின்றன. இவ்வைந்தையும் தடுப்பது நம் கையில் உள்ளது.

முதலில் கோழியைத் தனியே பிரித்தல் வேண்டும். சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது கொத்தும். மெல்லிய துணியை அதன்மேல் போர்த்தி, இரு கைகளாலும் மெதுவாக எடுங்கள். மார்பை இறுகப் பிடிக்காதீர்கள். கோழிக்கு நமக்குள்ளது போன்ற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். இரத்தம் வடிந்தால், தூய துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பின்னர், வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ இட்டு, அரையிருளான அமைதியான மூலையில் வையுங்கள். கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ், நம்முடையதைவிட மிகுதி. இரத்தம் இழந்த கோழி விரைவில் குளிர்ந்துவிடும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். முற்காலத்துக் குண்டு பல்பு சூடும் தந்தது, இன்றைய எல்.இ.டி. விளக்கை அதற்கு நம்ப இயலாது. குடிநீரில் சிறிது சர்க்கரை கரைத்து எட்டும் தூரத்தில் வையுங்கள். தலை நிமிர்த்த மாட்டாத கோழியின் வாயில் நீரை ஊற்றாதீர்கள்; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

சற்றுத் தேறியதும் புண்ணைப் பாருங்கள். கோழி தன் நோவை மறைக்கும் இயல்புடையது. இறகுகளை விலக்கி முதுகு, இறக்கையடி, தொடை, வால்புறம் அனைத்தையும் தடவிப் பார்த்தல் வேண்டும். பல் பதிந்த சிறு துளை, பெரிய கிழிசலைவிட ஆபத்தானது. ஏனெனில் அதன் ஆழத்தில் நச்சுக்கிருமிகள் தங்கிவிடுகின்றன. புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் தோல் கிழியும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, அதனால் தாராளமாகக் கழுவுங்கள். பிறகு, நீர் கலந்து வெளிறிய தேநீர் நிறத்திற்குக் கொண்டுவந்த பொவிடோன் அயோடின் மருந்தைத் தடவலாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, மூக்குப்பொடி ஆகியவற்றைப் புண்ணில் வைப்பது கொடுமை. நாம் உண்ணும் வலி மாத்திரைகளையும் கொடுத்தல் ஆகாது.

நம் வெயில் நாட்டில் ஈ இட்ட முட்டை ஒரு நாளிலேயே புழுவாகிவிடும். எனவே கூடையைக் கொசுவலையால் மூடி, நாள்தோறும் காலையும் மாலையும் புண்ணைப் பார்ப்பது இன்றியமையாதது. உணவாக ஊறிய குருணையும், அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். புண் நாற்றமெடுத்தாலும், தோலடியில் காற்று உப்பினாலும், உண்ட தீனி கழுத்துப் புண் வழியே வெளிவந்தாலும், தாமதியாமல் அரசுக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும், மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை உண்ணலாகாது.

குடல் வெளிவந்து கிடக்கும் கோழியையும், முதுகெலும்பு முறிந்து கால்கள் முற்றிலும் செயலற்ற கோழியையும் நாள்கணக்கில் துடிக்க விடுவது இரக்கமன்று. அத்தகைய நிலையில், பழகிய கையால் விரைவில் முடித்துவிடுவதே நல்லது. அதனைப் பிள்ளைகளிடம் மறைக்காமல், அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். கோழியை மீட்கப்போன பிள்ளையை நாயோ கீரியோ கடித்துவிட்டால், பிள்ளையே முதலில், கோழி பிறகே. கடிவாயைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் செய்ய வேண்டும். சிறு கீறல்தானே என்று இருந்துவிடுவது உயிருக்கே உலை வைக்கும்.

புண் ஆறிய கோழியைத் திடீரெனக் கூட்டத்தில் விடாதீர்கள். சில நாள் மற்றக் கோழிகளின் கண்ணில் படும்படி பஞ்சாரத்தின் கீழ் வைத்து, பின் ஒரு நாள் இருட்டியபின் கூட்டில் சேர்த்து விடுங்கள். உதிர்ந்த இறகு முளைக்கப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை முட்டை இல்லையே என்று முணுமுணுக்க வேண்டாம்.

ஒருமுறை சுவை கண்ட விலங்கு மீண்டும் வரும். ஆனால் அதற்கு நஞ்சு வைப்பது தீர்வாகாது. கீரி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படும் உயிராகும்; நாம் வைக்கும் நஞ்சையோ அண்டை வீட்டு நாயும் தின்னும், தவழும் குழந்தையும் தொடும். கூட்டின் ஓட்டைகளை அடையுங்கள். விரல் நுழையாத கம்பிவலை அடியுங்கள். பொழுது சாயுமுன் கதவைத் தாழிடுங்கள். கடிபட்ட கோழிக்கு மருந்திடும் நாளிலேயே கூட்டையும் செப்பனிட்டால்தான் நாம் செய்த வைத்தியம் முழுமை பெறும்.