விருந்தினர் நிறைந்த ஊரில் வீட்டார் எங்கே?

ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பும் நம்மவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். தோட்டப்புற லயங்களில் பிறந்தவர்களின் மக்களும் பேரர்களும் உரோம் நகரத்துக் கொலோசியத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அவ்வாறு சென்று வந்த ஒருவரிடம், "இத்தாலியில் எந்த ஊரில் தங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பர். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விடுதி. இரவு பத்து மணிக்குப் பேருந்து கொண்டுபோய் இறக்கியது. காலை ஏழு மணிக்கு மீண்டும் ஏற்றிக்கொண்டது. அவ்வளவே. வெனிஸ் நகரைக் கண்டதாகச் சொல்வார். வெனிஸ் நகரில் ஓர் இரவேனும் உறங்கியிருக்க மாட்டார். புளோரன்ஸ் நகரைக் கண்டதாகச் சொல்வார். அந்நகரின் கதவுகள் காலையில் திறக்கும் ஓசையைக் கேட்டிருக்க மாட்டார்.

இம்முறை தவறு என்பது என் கருத்து. இத்தாலிய நகரங்களைக் காணச் செல்வோர், நகரின் நடுவே, வீட்டார் முன்னின்று நடத்தும் சிறு விடுதிகளில் சில இரவுகளேனும் தங்க வேண்டும். அதே வேளையில், "பூட்டிக் ஓட்டல்" என்னும் பெயர்ப்பலகையின் மறைவில் நடந்துவரும் ஒரு பெரும் வஞ்சகத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், சொன்னது பாதி உண்மையாகிவிடும். பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெட்டது.

முதலில், இத்தகைய விடுதி எவ்வாறிருக்கும் என்பதை அறியாதோர்க்குச் சில சொற்கள். தெருவிலிருந்து பார்த்தால் விடுதி என்றே தோன்றாது. கனத்த மரக்கதவு, அதன் பக்கத்தில் அழைப்பு மணிகளின் வரிசை, அவற்றுள் ஒன்றில் விடுதியின் பெயர். ஒரு பழைய மாளிகையின் ஒரு தளமோ இரு தளமோதான் விடுதி. மற்றத் தளங்களில் வழக்கறிஞரும் பல் மருத்துவரும் ஒரு மூதாட்டியும் குடியிருக்கக்கூடும். படிக்கட்டின் நடுவெளியில் பிற்காலத்தில் புகுத்தப்பட்ட மின்தூக்கி, இருவர் பெட்டியுடன் நிற்க இடங்கொடாது. ஓர் அறையைப் போல் மற்றோர் அறை இராது. ஒன்றில் மரத்தாலான பழைய மேற்கூரை. ஒன்றில் தேய்ந்த சுட்ட செங்கல் தளம். ஒன்றின் சாளரம் அடுத்த வீட்டுத் துணி உலர்த்தும் கயிற்றைப் பார்த்திருக்கும். கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பதிவார்கள். ஏனெனில், விடுதி நடத்துவோர் தங்குவோரின் விவரத்தைக் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1931ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டம். அறைக் கட்டணம் நீங்கலாக, ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு நகராட்சிக்கான தங்கல் வரியையும் பெறுவார்கள். வாடகைக் காரில் செல்வோர், நகர நடுவில் வண்டிகளுக்குத் தடையுள்ள எல்லை எது என்பதை விடுதியாரிடம் முன்னரே கேட்டறிவது நன்று. நுழைவாயிலில் உள்ள ஒளிப்படக் கருவிகள் எவரையும் மன்னிப்பதில்லை; ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழிந்த பின் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

இவையெல்லாம் வசதியா என்று கேட்டால், இல்லை. பின் ஏன் அங்கே தங்க வேண்டும்?

ஊர் என்பது காலையும் மாலையுமே. பத்து மணிமுதல் ஐந்து மணிவரை வெனிஸ் நகரில் நடமாடுவோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற அயலாரே. நாம் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக எண்ணிக்கொள்கிறோம். மாலையில் கூட்டம் கடல்மேல் அமைந்த பாலத்தைக் கடந்து மெஸ்த்ரே பக்கம் திரும்பிய பிறகே ஊர் தன் குரலில் பேசத் தொடங்குகிறது. சதுக்கத்துக் கிணற்று மேடையருகே பிள்ளைகள் பந்து உதைப்பர். காலையில் காய்கறிப் படகு கால்வாயில் வந்து நிற்கும். புறநகர் விடுதியில் உறங்குபவனுக்கு இவ்விரண்டும் கிட்டா. நூலின் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நூலைப் படித்ததாகச் சொல்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை.

"உறங்கத்தானே அறை? எங்கே உறங்கினால் என்ன?" என்பர் சிலர். சிக்கனக்காரர் போல் பேசும் இவர்களே, ஒரே பயணத்தில் ஆறு நாடுகளைக் காண வேண்டும் என்று பேருந்துக்கும் விமானத்துக்கும் பணத்தை இறைப்பவர்கள். ஆறு நாடுகளை மூன்றாகக் குறைத்தால், மிச்சப்படும் தொகையில் நகர நடுவே தங்கலாம். திருவிழா நாட்களை விடுத்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் சென்றால் கட்டணமும் குறையும், கூட்டமும் குறையும். பொருள் இல்லை என்பதைவிடப் பொறுமை இல்லை என்பதே உண்மைக் காரணம்.

இனி, மறுபக்கத்துக்கு வருவோம். "அங்குள்ள மக்களே வீடின்றி வெளியேறுகிறார்கள், அவ்விடத்தில் நாம் போய்த் தங்குவது அறமா?" என்று கேட்போர் உளர். இக்கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டில் வெனிஸ் தீவு நகரில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 50,000த்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ரியால்டோ பாலத்தின் அருகே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிச் சாளரத்தில், எஞ்சியிருக்கும் குடிகளின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை ஒன்று 2008ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது. நோயாளியின் காய்ச்சலைக் குறித்துவைப்பது போல், மருந்துக் கடை ஒன்று தன் ஊரின் தேய்வைக் குறித்துவைக்கிறது! 2023ஆம் ஆண்டில் அவ்வூர் ஆர்வலர்கள் எடுத்த கணக்கின்படி, பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடிகளின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டது. வீட்டாரைவிட விருந்தினர் மிகுந்த வீட்டை வீடு என்று சொல்வதா, சத்திரம் என்று சொல்வதா?

இதற்குக் காரணம் யார்? மேசைக்குப் பின்னே நின்று கடவுச்சீட்டைப் பதியும் விடுதிக்காரரா? அன்று. விடுதி என்பது நகரம் தோன்றிய நாள்முதல் நகரத்துக்குள் இருந்துவருவது. இத்தாலியில் "பென்சியோனே" என்றொரு விடுதி வகை இருந்தது. ஒரு குடும்பத்தார் தம் மாளிகையின் ஒரு பகுதியை விருந்தினர்க்கு விட்டு, உணவும் அளித்து நடத்தும் முறை அது. 1908இல் வெளிவந்த ஈ. எம். ஃபார்ஸ்டரின் "எ ரூம் வித் எ வியூ" என்னும் நாவல் புளோரன்ஸ் நகரத்துப் பென்சியோனே ஒன்றில்தான் தொடங்குகிறது. 1983ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டம் விடுதிகளுக்கு நட்சத்திர வரிசையைக் கொண்டுவந்தபோது அவ்வகையின் பெயர் சட்டத்தினின்றும் மறைந்தது. பெயர் போயிற்று, ஆனால், அத்தகைய குடும்பங்களிற் பல இன்றும் அதே மாடிகளில் விடுதி நடத்திவருகின்றன.

ஊரைக் காலிசெய்பவை வேறு. குடியிருந்தோரை அனுப்பிவிட்டு, அவ்வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஏற்பாடே முதற் குற்றவாளி. அங்கே வரவேற்க ஆளில்லை. கதவோரத்தில் எண்பூட்டுப் பெட்டி ஒன்று தொங்கும். எண்ணை அழுத்தினால் சாவி விழும். உரிமையாளர் வேறோர் ஊரில் இருப்பார். சில வேளை வேறொரு நாட்டில் இருப்பார். இரண்டாம் குற்றவாளி, பழைய மாளிகையை முழுதாக வாங்கி, சுவருக்குச் சாயம் பூசி, "பூட்டிக்" என்று பெயர் சூட்டும் பெருநிறுவனம்.

அந்தப் பெயரையே சற்று ஆராய்வோம். பூட்டிக் என்பது கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1984ஆம் ஆண்டில் நியூயார்க்கில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் விடுதியை ஒட்டி விடுதிகளுக்கும் அச்சொல் பரவலாயிற்று. இச்சொல்லுக்கு இத்தாலியில் ஓர் உடன்பிறப்பு உண்டு, அது "பொத்தேகா". பண்டகசாலையைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தவை இவ்விரண்டும். பொத்தேகா என்றால் கைவினைஞரின் பட்டறை. புளோரன்ஸ் நகரில் வெரோக்கியோவின் பொத்தேகாவில்தான் லியொனார்தோ தா வின்சி தொழில் பயின்றார். ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, தோல் தைப்போரும் சட்டம் கட்டுவோரும் பழைய தளவாடம் புதுக்குவோரும் நடத்தும் பட்டறைகள் இன்றும் சில எஞ்சியிருக்கின்றன. ஒரே வேரில் பிறந்த சொற்களில் ஒன்று உழைப்பாளியிடம் நின்றது. மற்றது வணிகனிடம் போயிற்று. உழைப்பாளியின் பட்டறை மூடப்பட்டு அவ்விடத்தில் வணிகனின் விடுதி எழும்போது, விடுதியின் சுவரில் அவன் பயன்படுத்திய உளியை அலங்காரமாகத் தொங்கவிடுகிறார்கள். ஆளை வெளியேற்றிவிட்டு அவன் கருவிக்கு மாலை சூட்டும் இச்செயலுக்கு அழகுணர்ச்சி என்று பெயராம்!

அரசினர் என்ன செய்தனர்? வெனிஸ் நகராட்சி 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் முதல், ஆண்டில் 29 நாட்களுக்கு, பகலில் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெற்றது. 2025இல் நாட்கள் 54 ஆயின; இறுதி நேரத்தில் பதிவோர்க்குக் கட்டணம் 10 யூரோ ஆயிற்று. இரவில் தங்குவோர் தங்கல் வரி செலுத்துவதால் அவர்களுக்கு விலக்கு உண்டு. இத்திட்டத்தை நான் ஏற்கவில்லை. கட்டணச் சீட்டுடன் நுழையும் இடம் அரும்பொருளகமே அன்றி ஊராகாது. மேலும், காலியான வீடுகளில் ஒன்றையேனும் இக்கட்டணம் குடிகளுக்கு மீட்டுத் தந்துவிடுமா? நோய் ஓரிடத்தில், மருந்து ஓரிடத்தில்.

புளோரன்ஸ் நகரம் சற்று நேராக நடந்துகொண்டது. 1982 முதல் உலக மரபுடைமைச் சின்னமாக விளங்கும் அதன் பழைய நகரப் பகுதியில், புதிதாகக் குறுகியகால வாடகை வீடுகளைத் தொடங்கலாகாது என்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நகர மன்றம் முடிவெடுத்தது. வழக்குகள் எழுந்தன, எனினும் நகராட்சி அக்கொள்கையைக் கைவிடவில்லை. இத்தாலி முழுவதிலும், 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல், தங்கும் இடம் ஒவ்வொன்றும் தேசிய அடையாள எண்ணைப் பெற்று வாயிலில் காட்ட வேண்டும் என்னும் விதியும் வந்துள்ளது.

ஆயினும் இவையனைத்துக்கும் முன்னோடி பொலோஞ்ஞா நகரம். 1973ஆம் ஆண்டில், பியர் லூயிஜி செர்வெல்லாத்தி என்னும் கட்டடக்கலைஞர் முன்னின்று வகுத்த திட்டத்தின்படி, அந்நகராட்சி பழைய நகரின் நடுவே இருந்த எளியோர் வீடுகளைப் பொதுப்பணத்தில் புதுப்பித்து, அங்கு வாழ்ந்த மக்களே தொடர்ந்து வாழ வழிசெய்ய முனைந்தது. கல்லைக் காப்பது போல் கல்லுக்குள் வாழும் மனிதனையும் காக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்ட இப்பாடத்தைப் பிறர் கேட்டிருந்தால், மருந்துக் கடையில் மின்பலகை தொங்கியிராது.

இது இத்தாலியின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது காப்பும் முற்றாக நீங்கியது. 2008இல் உலக மரபுடைமைப் பட்டம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னும் கடைவீடுகளை விட்டுச் சென்ற குடும்பங்கள் எத்தனை, அக்கடைவீடுகளில் எழுந்த "பூட்டிக்" விடுதிகள் எத்தனை என்பதை அத்தெருக்களில் நடப்போர் அறிவர். அங்கே நடந்ததைக் கண்டு கலங்குவோர் இங்கே நடப்பதைக் கண்டு கைதட்டுவது நேர்மையாகாது.

ஆகவே, தங்குவதா தங்காதிருப்பதா என்பது கேள்வியன்று. யாரிடம் தங்குவது என்பதே கேள்வி. விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்றும் பொருள் உண்டு. புதிதாய் வருபவரே விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், விருந்து வர, ஓம்புவதற்கு ஒரு வீட்டார் வேண்டாமா? இத்தாலிய மொழியில் "ஓஸ்பித்தே" என்னும் ஒரே சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். ஒருவர் இன்றி மற்றவர் இல்லை என்பதை அம்மொழியே அறிந்திருக்கிறது. எண்பூட்டுப் பெட்டி விருந்தோம்பாது.

இத்தாலிக்குச் செல்லவிருக்கும் அன்பர்களுக்கு நான் கூறுவது இதுவே. குறைந்த ஊர்களுக்குச் செல்லுங்கள். கூடுதல் இரவுகள் தங்குங்கள். பதிவு செய்யுமுன் கேளுங்கள்: விடுதியை நடத்துபவர் யார்? அவர் அவ்வூரில் வாழ்கிறாரா? வாயிலில் அடையாள எண் இருக்கிறதா? கதவைத் திறக்க ஒரு மனிதர் வருவாரா? காலை உணவுக்கு ரொட்டி எந்தக் கடையிலிருந்து வருகிறது? விடை கிடைத்தால், மின்தூக்கி குறுகியது என்பதற்காகவும் அறை சிறியது என்பதற்காகவும் முகஞ்சுளிக்காதீர்கள். விடை கிடைக்காவிட்டால், அவ்விடம் எத்துணை அழகாயிருப்பினும் விலகிச் செல்லுங்கள். நாம் கொடுக்கும் பணம் ஒரு குடும்பத்தை அவ்வூரில் நிலைநிறுத்தவும் கூடும். மற்றொரு குடும்பத்தை அவ்வூரிலிருந்து துரத்தவும் கூடும். எதைச் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பயண நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் உறங்குவது, கற்றறிந்த மக்களுக்கு அழகன்று.