குதிரை விலை குறையும், கொள்ளு விலை குறையாது



போன ஞாயித்துக்கிழமை தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டிக்கிட்டு இருந்தேன். ஊர் முக்குல இடி உறுமற மாதிரி ஒரு சத்தம். மழை வருமோன்னு அண்ணாந்து பாத்தா வானம் வெளேர்னு கிடக்குது. கொஞ்ச நேரங்கழிச்சு அக்கா பையன் இட்டேரியில நடந்து வர்றான். வேர்த்து ஊத்துது.

"ஏங்கண்ணு, கார்லதான வர்றேன்னு சொன்னே?"

"கார்லதானுங்க மாமா வந்தேன். வாய்க்கா பாலம் ஏறலீங்க, அடி தட்டுது. பஸ் ஸ்டாப்புல நிறுத்திட்டு வந்துட்டேன்."

போய்ப் பாத்தேன். செக்கச் செவேல்னு ஒரு வண்டி. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. அடியில கை விட்டா ஒரு சாண் கூட இடைவெளி இல்லை. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், 2015 மாடல். கம்பெனி பேரு இங்க வேண்டாமுங்க, அவிய மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓட்டிப் பாக்கறதுக்குன்னு விக்கறவர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான். புதுசுல 1 கோடி 30 லட்சமாம், இப்ப 42 லட்சமாம். "88 லட்சம் லாபம் மாமா"ன்னான்.

அந்த "லாபம்"ங்கற சொல்லுக்காகத்தானுங்க இதை எழுதறேன்.

அவன் வந்தது வண்டியைக் காட்ட மட்டும் இல்லை. என்ற கையெழுத்து வாங்க வந்தான். எங்கப்பா பூமியில அக்கா பாகம் 1 ஏக்கர் 20 சென்ட். இன்னும் பாகம் பிரிக்கலை, கூட்டுப் பட்டா. சைட்டு போடறவன் ஒருத்தன் 50 லட்சம்னு கேக்கறானாம், ஆனா என்ற கையெழுத்தும் வேணுங்கறானாம். எங்க கிணறு அந்த 1 ஏக்கர் 20 சென்ட்டுக்குள்ளதான் இருக்குது. பி.ஏ.பி. வாய்க்கா தண்ணி எங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. நடுவுல தென்னையைக் காப்பாத்தறது அந்தக் கிணறுதான்.

அதனால எனக்குச் சுயநலம் இருக்குது. முதல்லயே ஒத்துக்கறேன். அந்தக் கணக்கை ஒதுக்கி வெச்சுட்டு வண்டிக் கணக்கை மட்டும் பாப்போம்.

"உங்களுக்குக் காரைப் பத்தி என்னங்க மாமா தெரியும்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. பத்தாவது படிச்சவன் நான். ஆனா என்ற வாழ்க்கையில நான் வாங்கினது பூராவும் பழசு. டிராக்டர் பழசு, மோட்டார் பழசு, கல்யாணத்துக்கு வாங்கின பீரோ கூட பழசு. மாடு இருக்குதே, அது எப்பவுமே பழசுதான். பழசு வாங்கற விஷயத்துல டவுன்காரங்களுக்கு நான் பாடம் எடுக்கலாம்.

முதல் பாடம். பழைய பொருள்ல விலைதான் குறையும், செலவு குறையாது. பஞ்சாயத்துத் தலைவர் ஓட்டின குதிரையை நான் அடிமாட்டு விலைக்கு வாங்கிரலாம். அதுக்காகக் கொள்ளுக் கடைக்காரன் எனக்குப் பாதி விலைக்குக் கொள்ளு போடுவானா? இந்த வண்டியும் அப்படித்தான். 42 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 1 கோடி 30 லட்ச ரூபாய் வண்டிதான். அதோட பிரேக் தட்டு, சாக் அப்சார்பர், கியர்பாக்ஸ் ஒண்ணுக்கும் அது செகண்ட் ஹேண்டுன்னு தெரியாது. முன் டயரு ஒரு அளவு, பின் டயரு வேற அளவு. மாத்தி மாட்டி ஓட்ட முடியாது. நாலு டயரும் போட்டா லட்சத்தைத் தாண்டும். ரெண்டு கிளட்ச் வெச்ச கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுச்சுன்னா லட்சக்கணக்குல பில்லு வரும். 42 லட்ச ரூபாய் புது வண்டி வாங்கறவனுக்கு 42 லட்ச வண்டிச் செலவு. உனக்கு 42 லட்சத்துல கோடி ரூபாய் வண்டிச் செலவு. இதுல லாபம் எங்க வந்துச்சு?

ரெண்டாவது பாடம். விக்கறவன் முட்டாள் இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நான் முப்பது வருசமாப் போறேன். கறவை மாட்டை முந்தின நாள் கறக்காம மடி கட்ட வெச்சு ஓட்டிட்டு வருவாங்க. மடியைப் பாத்தா பத்து லிட்டர் கறக்கும்னு தோணும். வீட்டுக்கு வந்தா அஞ்சு. கார்லயும் அதே வித்தைதான். வாங்கறவன் வர்றதுக்கு அரை மணி முன்னாலயே இஞ்சினை ஓட விட்டுச் சூடு பண்ணி வெச்சிருவாங்க. ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் புகையும் தட்டற சத்தமும் வெளிய வரும். "நீ போனப்ப பானட் சூடா இருந்துச்சா, ஆறியிருந்துச்சா?"னு கேட்டேன். முழிச்சான்.

மாட்டுக்குப் பல்லு பாக்கறோமில்ல, டயருக்கும் பல்லு இருக்குது. ஓரத்துல நாலு எண்ணு போட்டிருக்கும். 2318னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக் குடுத்தவர் டிராக்டர் டயர் கடைக்காரர். பஸ் ஸ்டாப்புலயே குனிஞ்சு பாத்தேன். முன் டயரு ரெண்டும் 2016. பட்டன் நல்லாத்தான் இருக்குது, ஆனா ரப்பரு கெட்டிப் போயிருச்சு. 250 கிலோமீட்டர் வேகம் போற வண்டிக்கு இத்தனை வருசத்து டயரு! 42 லட்சம் கேக்கறவருக்கு டயர் மாத்த மனசு வரலைன்னா, கண்ணுக்குத் தெரியாத இடத்துல அவர் என்ன மாத்தியிருப்பாரு?

மூணாவது, காகிதம். அது டெல்லி நம்பர் வண்டி. டெல்லிப் பக்கம் டீசல் வண்டின்னா 10 வருசம், பெட்ரோல் வண்டின்னா 15 வருசம்னு கெடு வெச்சிருந்தாங்க. அதனால அங்க வண்டி சல்லிசாக் கிடைச்சுது, தெக்க வந்துச்சு. தப்பில்லை. ஆனா அந்த ஊரு ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று வேணும், இங்க வரி கட்டோணும், லோன் இருந்தா அடைச்சதுக்கு பேங்க் காகிதம் வேணும். அப்பறம் இன்சூரன்ஸ். வண்டிக்கு அஞ்சு வருசம் ஆகறதுக்குள்ள அவங்க போடற மதிப்பு பாதியாயிருது. அதுக்கு மேல கம்பெனியும் நீயும் பேசி ஒத்துக்கறதுதான் மதிப்பு. பாகத்துக்குத் தேய்மானம் புடிக்காத பாலிசி இத்தனை பழைய வண்டிக்குக் கிடைக்கறது குதிரைக் கொம்பு. லேசா ஒரு இடி இடிச்சா, ஒரு பெரிய பங்கு உன்ற பையில இருந்துதான் போகோணும்.

பெட்ரோலையும் சொல்லிர்றேன். இப்ப பங்க்குல ஊத்தற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். நம்ம விவசாயி போட்ட கரும்புல இருந்தும் மக்காச்சோளத்துல இருந்தும் வர்றதுதான், அதனால நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா 2023 ஏப்ரலுக்கு அப்பறம் செய்யற வண்டிகளைத்தான் அதுக்குத் தக்கனச் செய்யோணும்னு வெச்சிருக்காங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டியில அந்தப் பெட்ரோல் வாரக்கணக்குல கிடக்கும். "டேங்க் மூடியில எத்தனை சதம் வரைக்கும் ஊத்தலாம்னு எழுதியிருக்குதுன்னு பாத்தியா?"ன்னேன். அதையும் பாக்கலை.

இவ்வளவையும் கேட்டுட்டு அவன் ஒண்ணு சொன்னானுங்க. "நீங்க மட்டும் ரேக்ளா மாடு வளத்தலீங்களா மாமா?"

சுருக்குனு தைச்சுது. வளத்தினேன். ஒரு ஜோடி காங்கேயங் காளை. அதுக பருத்திக்கொட்டையும் கொள்ளும் தின்ன காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம். 200 மீட்டர் ஓட்டம், கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். ஜெயிச்சது ஒரே ஒருக்கா. கிடைச்சது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. 2014ல சுப்ரீம் கோர்ட் தடை வந்தப்ப ஜோடியை வித்தேன், அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை. வேகம்னா என்னன்னு எனக்கும் தெரியுமுங்க. மூக்கணாங்கயிறு கையில அறுக்கறப்ப வர்ற அந்தச் சந்தோசத்துக்கு நான் கணக்குப் பாத்ததே இல்லை.

அதுதான் வித்தியாசம். நான் அதை லாபம்னு ஒரு நாளும் சொல்லலை. என்ற வீட்டுக்காரி "தண்டச் செலவு"ன்னு சொன்னப்ப "ஆமா, தண்டந்தான்"னு ஒத்துக்கிட்டேன். நிலத்துல கை வெக்கலை. அந்த வருசத்துப் பருத்தியில மிஞ்சினதுல வாங்கினேன், மிஞ்சாத வருசம் கொள்ளைக் குறைச்சேன்.

நகரத்துல இருக்கற உங்களுக்கும் இதைத்தானுங்க சொல்றேன். ஆசைப்படறது தப்பில்லை. ஆசைக்கு லாபம்னு வேசம் கட்டறதுதான் தப்பு. "பாதி விலைக்கு வருது", "மதிப்பு இதுக்கு மேல இறங்காது", "இது ஒரு முதலீடு"ன்னு வீடியோவுல ஒருத்தர் சொல்றாரு. அவர் விக்கறவரு. இந்தக் கணக்கு எல்லாம் உன்ற வாயை உன்ற மனசே அடைக்கறதுக்குச் சொல்றது. மதிப்பு இறங்காதுன்னா முதல் ஓனர் ஏன் விக்கறாரு? கம்பெனி வாரண்டி முடிஞ்சதும் வண்டி கை மாறுதுன்னா அதுக்குக் காரணம் இருக்குமா, இருக்காதா?

"ஒரே வாழ்க்கைதான மாமா"ன்னான். ஆமாங்கண்ணு, உன்ற அம்மாவுக்கும் ஒரே வாழ்க்கைதான். உங்கப்பன் போன பிற்பாடு வருசா வருசம் இந்தத் தேங்காய்ப் பணத்துலதான் உன்னைக் காலேஜ் படிக்க வெச்சா. வண்டி பத்து வருசத்துல இரும்பு விலைக்குப் போகும். கிணறு அப்படி இல்லை. எங்க தாத்தன் வெட்டினது, இன்னும் தண்ணி குடுக்குது.

சரி, வேண்டாம்னு மட்டும் சொன்னா அது பெரியவன் செய்யற வேலை இல்லை. அவனுக்கு நான் சொன்ன வழி இது.

கோயமுத்தூருக்குப் பக்கத்துலயே செட்டிபாளையத்துல பந்தயத் தடம் இருக்குது, 2003ல திறந்தது. கரிவர்தன் பேருல இருக்குது. அவர் பெரிய மில் குடும்பத்துக்காரர். வெளிநாட்டு வண்டி வாங்க வசதி இல்லாதவரா? ஆனா நம்ம மாருதி 800 இஞ்சினைப் போட்டு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சு பசங்களை ஓட வெச்சாரு. 1995ல போய்ச் சேந்துட்டாரு. அதே கோயமுத்தூர்ல இருந்து நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்னுக்குப் போனாரு. வேகம் வேணும்னா அங்க போ. காசு கட்டிக் கத்துக்க, ஹெல்மெட் போட்டு ஓட்டு. அவினாசி ரோட்டுல லாரிக்கும் மொபட்டுக்கும் நடுவுல 320 குதிரை சக்தியை வெச்சு நீ என்ன பண்ணுவே? என்ற டிராக்டர் 35 குதிரைதான், அது 35ம் வேலை செய்யுது.

அதுக்கு மேலயும் அந்த வண்டிதான் வேணும்னா, மூணு நிபந்தனை. ஒண்ணு, சம்பளத்துல சேத்த காசுல வாங்கு, பூமியை வித்து வேண்டாம். ரெண்டு, வண்டி விலையில மூணுல ஒரு பங்கைத் தனியா பேங்குல போட்டு வெய்யி, அது ரிப்பேர்க் காசு. அது இல்லைன்னா வண்டி வாங்கற காசும் உன்கிட்ட இல்லைன்னுதான் அர்த்தம். மூணு, அந்த வண்டி தெரிஞ்ச, விக்கறவருக்குச் சொந்தமோ சினேகிதமோ இல்லாத மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. லிஃப்ட்ல தூக்கி அடியைப் பாக்கட்டும், கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கட்டும், பெயிண்ட் கனம் அளக்கட்டும், சிலிண்டர்ல அழுத்தம் பாக்கட்டும். "அதெல்லாம் எதுக்குங்க"ன்னு விக்கறவர் சொன்னா, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வந்துரு. சந்தையில நாங்க அப்படித்தான் வருவோம்.

அவன் ஒண்ணும் பேசலை. மோர் குடிச்சான். பத்திரக் காகிதத்தைத் திண்ணையில வெச்சுட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க மாமா"ன்னுட்டுப் போயிட்டான். பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் கூடப் போனேன். வண்டியைச் சுத்தி ஊர்ப் பசங்க பூராவும் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் மூஞ்சியில அப்ப வந்த வெளிச்சத்தை நான் பாக்காம இல்லை. கிளம்பறப்ப அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள போய் அதிருது. நல்ல சத்தமுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

காகிதம் இன்னும் திண்ணைக் குறட்டுலதான் இருக்குது, மேல ஒரு தேங்காயைப் பாரம் வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு அக்கா வர்றாங்க. பையன் கேட்டதை இல்லைன்னு சொன்ன தம்பியா நான் அவங்க மூஞ்சியில முழிக்கோணும். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியலை. ஆனா கிணத்து மேட்டுல உக்கார வெச்சுத்தான் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.