சூடத் தட்டில் இருக்கும் விஷம்

நம் ஜனங்கள் பயப்படாத பொருள் உலகத்தில் இல்லை. பூனை குறுக்கே போனால் பயம். பல்லி தலையில் விழுந்தால் பயம். ஆந்தை அலறினால் பயம். ஒற்றைத் தும்மலுக்குப் பயம். இராகு காலத்தில் பிள்ளையை வெளியே தூக்கிப் போகப் பயம். இவற்றால் செத்தவர் ஒருவரையாவது இதுவரை எவரும் காட்டியதில்லை. ஆனால், உண்மையாகவே குழந்தையைக் கொல்லக்கூடிய ஒரு பொருளைப் பிள்ளையின் கைக்கெட்டும் மாடத்திலே மூடாத டப்பாவில் வைத்திருக்கிறோம். அதைக் கண்டு ஒருவருக்கும் பயமில்லை. பயமில்லாதது மாத்திரமல்ல, அதன் சுடரைக் கண்ணில் ஒற்றிக் கொண்டு கன்னத்திலும் போட்டுக் கொள்ளுகிறோம். அதுதான் சூடம் என்கிற கற்பூரம்.

“உங்களுக்குச் சாமியின் மேல் கோபம், அதனால் சூடத்தின் மேலும் பழி போடுகிறீர்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். சாமி விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். இது வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்பதைப் பற்றிய பேச்சு. வைத்தியர்கள் கண்டு எழுதி வைத்ததைத்தான் நாம் சொல்லுகிறோம்.

கற்பூரம் முன்காலத்தில் ஒரு மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. அது கொழுப்பில் எளிதில் கரையும் பொருள். ஆதலால் வயிற்றின் வழியாகவும், தோலின் வழியாகவும், மூச்சின் வழியாகவும் உடம்புக்குள் சீக்கிரம் புகுந்து மூளையைத் தாக்குகிறது. சுமார் 1 கிராம் உள்ளே போனதாலேயே சிறு குழந்தைகள் இறந்ததுண்டு. கடையில் விற்கும் சிறு வில்லைகள் சிலவற்றைச் சேர்த்தால் அந்த எடை வந்துவிடும். தின்ற 5 நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலே வலிப்பு வந்துவிடலாம்.

கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1934ஆம் வருஷத்தில் ஹங்கேரி தேசத்து டாக்டர் மெடுனா என்பவர், வலிப்பு வந்தால் மனநோய் குறையும் என்று எண்ணி, நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்கக் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசி போட்டார். ஆஸ்பத்திரியில் வலிப்பை உண்டாக்கத் தேடிப் பிடித்த பொருளை நாம் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்!

இனி நம் ஊர் வீட்டுக்குள் வருவோம். ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்து போய், கற்கண்டு போல வெள்ளையாக இருக்கிற இரண்டு மூன்று வில்லைகளை வாயில் போட்டுக் கொள்ளுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். யாரும் பார்க்கவில்லை. அரை மணியில் கண் செருகுகிறது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. உடனே வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? “காத்து கருப்பு அடித்துவிட்டது”, “உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போனாளே” என்கிறார்கள். பூசாரி வருகிறார். வேப்பிலை அடிக்கிறார். அப்புறம் எதைக் கொளுத்துகிறார்? சூடத்தை! எந்த விஷம் பிள்ளையைச் சாய்த்ததோ அதையே கொளுத்தி, பிள்ளையின் முகத்துக்கு நேரே சுற்றுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரமெல்லாம் புகையாய்ப் போகிறது. பிள்ளை பிழைத்தால் பூசாரிக்குப் பெருமை. செத்தால் பிள்ளையின் தலைவிதி. சூட டப்பாவின் மேல் மாத்திரம் ஒரு குற்றமும் இல்லை!

தின்பதோடும் இது நிற்கவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி, நெஞ்சிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய்க்கிறோம். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. எண்ணெயோ கற்பூரத்தைக் கரைத்து உள்ளே கொண்டு போகும் வாகனம். இப்படித் தேய்த்ததனால் வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி நம் தேசத்து வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் கற்பூரத்தினால் வலிப்புக் கண்ட மூன்று குழந்தைகளைப் பற்றி 2009இல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அங்கும் கெட்ட ஆவி அண்டாமலிருக்கவும், பூச்சி வராமலிருக்கவும், சளிக்காகவும் கற்பூரத்தை வீட்டில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடத்தனத்துக்குத் தேசமும் இல்லை, பாஷையும் இல்லை.

அந்தத் தேசத்திலே கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்று தவறாக நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து விபத்துகள் நேர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் கற்பூர எண்ணெய் விற்பதையே நிறுத்தியது. பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டது. நாமோ 2021இல் கொரோனா பரவியபோது கற்பூரம், கிராம்பு, ஓமம் மூன்றையும் துணியில் முடிந்து மோந்தால் இரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்று கைபேசி வழியாக ஊர் ஊராய்ப் பரப்பினோம். ஏறியது பிராணவாயு அல்ல. கற்பூரப் பை கட்டித் தொங்கவிட்ட குழந்தைகளுக்கு ஆபத்துதான்.

“எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளுக்குத் தேய்த்தாள், ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களை ஒன்று கேட்கிறோம். அந்தப் பத்தில் எத்தனை தங்கின? தங்காதவை எதனால் போயின என்று யாராவது விசாரித்ததுண்டா? “மாந்தம்”, “தோஷம்”, “கண்ணேறு” என்று ஒரு பேரைச் சொல்லி மண்ணைப் போட்டு மூடிவிட்டோம். பிழைத்ததைக் கணக்கில் எழுதி, செத்ததை விதியின் பற்றில் எழுதுகிறவன் எப்படிப்பட்ட கணக்கன்? பெரியவர்களின் மூட்டு வலிக்கு வைத்தியர் தரும் களிம்பில் அளவாகக் கற்பூரம் இருப்பதை நாம் குறை சொல்லவில்லை. அளவும் வயதும் அறியாமல், புனிதம் என்ற ஒரே காரணத்தால் விஷத்தை விஷமென்று எண்ணாதிருப்பதைத்தான் குறை சொல்லுகிறோம்.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! சூடம் கொளுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கொளுத்துகிறவர்களும் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்:

1. டப்பாவை மூடி, பிள்ளை எட்டாத உயரத்தில் வையுங்கள். தட்டில் மிச்சம் விடாதீர்கள்.

2. கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் மூக்கிலும் நெஞ்சிலும் சூடம் கலந்த எதையும் தேய்க்காதீர்கள்.

3. பிள்ளை தின்றுவிட்டதென்று சந்தேகமிருந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக் குழலில் போய் அடைக்கும். பாலும் எண்ணெயும் கொடுக்காதீர்கள். 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

4. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியும் இரும்பும் கொடுப்பதால் வலிப்பு நிற்காது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது நம்மவர் பழமொழி. கழுதை கற்பூரம் தின்று செத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. வாசனை தெரிந்த மனிதன்தான் அதைத் தன் பிள்ளையின் கைக்கெட்ட வைத்துவிட்டு, பூனை குறுக்கே போகிறதா என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறான்.