திரும்பிய பின் எரியும் விளக்கு

ஆசிரியருக்கு,

சாலை விதிகள் குறித்து இவ்விதழில் வெளியான கட்டுரை தலைக்கவசத்தையும் வேகத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, இண்டிகேட்டர் எனப்படும் திசைகாட்டும் விளக்கை ஒற்றை வரியில் கடந்தது குறையே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுவதால், திரும்புவதற்கு மூன்று நொடி முன்பாவது விளக்கு எரிந்தால்தான் பின்னால் வருபவருக்கு 50 மீட்டர் அளவுக்கேனும் அவகாசம் கிடைக்கும். ஹேண்டில்பாரை ஒடித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டுவது அறிவிப்பு ஆகாது. கார்களில் ஸ்டியரிங் நேரானதும் விளக்கு தானே அணைந்துவிடும். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் அவ்வசதி இல்லாததால், தெருமுனையில் திரும்பிய ஸ்கூட்டர் அடுத்த இரண்டு சிக்னல் வரை மினுக்கிக்கொண்டே போவதும், பின்னிருக்கையில் இருப்பவரின் சேலைத் தலைப்பு அவ்விளக்கை மறைப்பதும் அன்றாடக் காட்சி. நெடுஞ்சாலையில் லாரி வலப்பக்க விளக்கைப் போட்டால், அது திரும்பப்போகிறதா, பின்னால் வருபவரை முந்தச் சொல்கிறதா என்பது அனுபவசாலிகளுக்கே புதிர்.

உரிமத் தேர்வில் எட்டு போடும்போது கால் ஊன்றாமல் ஓட்டுகிறாரா என்று பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், விளக்கை உரிய நேரத்தில் போட்டாரா, திரும்பியபின் அணைத்தாரா என்பதையும் கணக்கில் எடுத்து, தவறியவரை மறுதேர்வுக்கு அனுப்பலாம்.

– ஒரு வாசகர், மதுரை