டாக்டர் மூஞ்சியில் முழிக்காத வேலை

"மாமா, டாக்டர் மூஞ்சியில முழிக்காத நர்சு வேல எங்கயாச்சும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்டாள் அக்கா மகள். டிப்ளமா நர்சிங் முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருசமாக வேலை பார்க்கிறவள். அவள் அம்மா இன்றைக்கும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அடுத்தவன் வயலில் நாற்று நடுகிறாள்.

எனக்குக் கோபந்தான் முதலில் வந்தது. "பயந்து ஓடுறவளா நீ?" என்று கேட்டுவிட்டேன். கூட்டங்களில் பேசிப் பேசி வந்த கெட்ட பழக்கம் இது. வீரத்தை எப்போதும் அடுத்தவர் முதுகில்தான் ஏற்றுவோம். அப்புறந்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

ராத்திரி இரண்டு மணி. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரை எழுப்ப வேண்டும். முந்தின வாரம் இதே மாதிரி எழுப்பியதற்கு, "இதுக்கெல்லாமா போன் போடுவ? கோட்டாவுல வந்ததுக புத்தி இப்படித்தான்" என்று வார்டில் நாலு பேர் பார்க்க அவர் கேட்டிருக்கிறார். கோட்டாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அக்காவின் கம்மலை அடகு வைத்துக் காசு கட்டிப் படித்தவள் அவள். ஆனாலும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. போனை எடுத்திருக்கிறாள், வைத்திருக்கிறாள். திரும்ப எடுத்திருக்கிறாள். இருபது நிமிசம் போய்விட்டது. பிறகு கூப்பிட்டு, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

"அவரு ஏசுனதுகூடப் பெருசில்ல மாமா. நான் இருபது நிமிசம் பயந்தேம்லா, அதத்தான் தாங்க முடியல."

தோழர்களே, இந்த இருபது நிமிசத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

'முசுடு டாக்டர்', 'கைராசிக்காரர், கொஞ்சம் கோபக்காரர்' என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். ஏதோ பிறவிக் குணம் மாதிரி. இந்தக் கோபக்காரர் ஆஸ்பத்திரி முதலாளியிடம் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கட்டுக்கட்டாகப் பணம் கட்டுகிற நோயாளியின் சொந்தக்காரரிடம்? கோபத்துக்கு விலாசம் தெரியும். அது மேலிருந்து கீழேதான் போகும். முதலாளி, பெரிய டாக்டர், சின்ன டாக்டர், நர்சு, ஆயாம்மா, கடைசியில் துப்புரவுத் தொழிலாளி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புத்தகத்தில் படித்துப் புரியாதவர்கள் ஒரு ராத்திரி வார்டில் உட்கார்ந்து பார்க்கலாம். என் அக்கா மகளும் ஆயாம்மாவை ஏசியிருக்கிறாள். கேட்டேன், ஒத்துக்கொண்டாள்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமில்லை. லியோனார்ட் ஸ்டெயின் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-லேயே எழுதினார்: என்ன மருந்து வேண்டும் என்று நர்சுக்குத் தெரியும், ஆனால் அது டாக்டருக்கே தோன்றின மாதிரி அவள் பேச வேண்டும். இதை அவர் ஒரு விளையாட்டு என்றார். நம் ஊரில் இந்த விளையாட்டில் சாதியும் ஒரு கை போடுகிறது. வெள்ளைக் கோட்டு போட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசிப் பெண் டாக்டர் பாயல் தத்வி தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட மூன்று பேரும் அவருக்கு மூத்த டாக்டர்கள்.

சரி, அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் பக்கத்திலேயே நிற்காத வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போகிற நோய்த்தணிப்புச் செவிலியர் வேலை இருக்கிறது. 2008-லிருந்து ஓடுகிற 108 வண்டியில் மருத்துவ உதவியாளர் வேலை இருக்கிறது. அங்கே டாக்டர் போனில் மட்டும்தான். துணைச் சுகாதார நிலையங்களில் நர்சிங் படித்தவர்களை இடைநிலை சுகாதாரப் பணியாளராகப் போடுகிறார்கள். அதே நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியர் உண்டு. அதற்கு ஏ.என்.எம். என்கிற இரண்டு வருசப் படிப்பு.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட பிரசவக் கால வழிகாட்டு நெறிகள்படி, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால் ஏ.என்.எம். படித்த செவிலியரே ஆக்சிடோசின் ஊசி போட்டு மேலே அனுப்பலாம். ஜன்னி கண்டால் மக்னீசியம் சல்பேட் முதல் டோஸையும் அவரே போடலாம். கிராமத்தில் இரண்டு வருசம் படித்தவருக்கு உள்ள இந்த அதிகாரம், நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருசம் படித்தவளுக்கு இல்லை. அவள் டாக்டரின் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் குறை அறிவிலா? எழுதிக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இல்லை என்பதுதான் குறை. அந்த இருபது நிமிசம் அங்கேதான் பிறந்தது.

அதனால் டாக்டர் இல்லாத இடத்துக்குப் போவது கோழைத்தனம் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். ஆனால் அங்கே என்ன காத்திருக்கிறது என்பதையும் அவளிடம் மறைக்கக் கூடாது. டாக்டர் இல்லாத இடத்தில் ஊர் இருக்கிறது. கிராமச் செவிலியராக இருக்கிற ஒரு தோழி சொன்னார்: "புள்ளைக்கு ஊசி போட எங்கை வேணும். எனக்குத் தண்ணி தர டம்ளர் கிடையாது." ஊர்த்தெருவில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவனையும் தடுக்க வந்த தங்கச்சியையும் கூடப்படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டின மாவட்டம் இது. இந்த ஊர்களுக்குள்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் பெண் தனியாகப் போக வேண்டும். பெரிய டாக்டரிடமிருந்து தப்பி, பெரிய வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்வது விடுதலை ஆகாது.

இன்னொன்று, இந்த வேலைகளில் பலதும் ஒப்பந்தம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு உட்கார்ந்த பிறகுதான் 14,000 ஆனது. கொரோனாக் காலத்தில் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவர்களில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவள் யாரைப் பார்த்து எதிர்த்துப் பேசுவாள்?

நான் வங்கியில் குமாஸ்தா. என் மேலாளரும் முசுடுதான். ஆனால் கவுண்டரில் நாலு பேர் முன்னால் என்னைச் சாதி சொல்லி ஏசிவிட்டு அவர் சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. அது அவர் நல்ல குணமும் இல்லை, என் வீரமும் இல்லை. 1946-ல் தொடங்கின அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் மாதிரியான சங்கங்கள் எனக்குப் பின்னால் நிற்கின்றன. அதே 1946-ல்தான் போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாடு முழுவதற்கும் 7,000 நர்சுகள்தான், 43,000 பேருக்கு ஒருவர் என்று அது சொன்னது. மலம், மூத்திரம், ரத்தம் தொடுகிற வேலை என்று மேல்சாதிகள் ஒதுங்கி நின்ற காலம். தொட்டவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள். குமாஸ்தாவுக்குச் சங்கம் வந்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கு 'சேவை', 'தியாகம்' என்று பட்டம் வந்தது.

பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நர்சுகள் 2011-ல் சங்கம் வைத்தார்கள். தெருவில் நின்றார்கள். 2018 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் என்று அரசாணை வந்தது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைத்த கமிட்டியும், 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்றுதான் பரிந்துரைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் அந்தக் காகிதம் இன்னும் காகிதமாகவே கிடக்கிறது.

நாம் எங்கே இருந்தோம்? நான் போன மாநாடுகளில் நிலம் பற்றித் தீர்மானம் போட்டோம், இரட்டை டம்ளர் பற்றிப் போட்டோம், 1999 ஜூலை 23-ஆம் தேதி தாமிரபரணியில் செத்த பதினேழு பேருக்கு வருசாவருசம் அஞ்சலி செலுத்துகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆஸ்பத்திரி வார்டு பற்றி ஒரு தீர்மானம்கூடப் போட்டதாக நினைவில்லை. நம் பெண்கள் வயலிலிருந்து நேராகப் போய்ச் சேர்ந்த இடம் அது என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

சட்டத்தை முதலில் நாம் தெரிந்துகொள்வோம். பலர் பார்க்க இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். நாலு சுவருக்குள், சாட்சியே இல்லாமல் நடந்தால் நிற்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் சாட்சி முக்கியம். பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்கும் சின்ன இடமென்றால் மாவட்ட அளவில் குழு. எத்தனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று மாணவத் தோழர்கள் போய்க் கேட்கட்டும். நர்சுகளைத் தேடிப் போய், சங்கம் வைக்கத் துணை நிற்போம். அதில் ஆயாம்மாவுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் இடம் இருக்கட்டும்.

அக்கா மகள் நோய்த்தணிப்பு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். போகட்டும், நான் தடுக்கவில்லை. கிடைக்கிற வரைக்கும் பழைய இடந்தான். இப்போது ஒரு காரியம் செய்கிறாளாம். டாக்டரைக் கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் செவிலியர் குறிப்பில் அப்படியே எழுதி, கையெழுத்துப் போடுகிறாள். "2.10-க்கு டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. காலையில் பார்க்கிறேன் என்றார்."

"ஏசலையா?" என்று கேட்டேன்.

"ஏசத்தான் செய்தாரு. ஆனா வந்துட்டாரு மாமா. இப்ப கூட இருக்கிற ரெண்டு பிள்ளைகளும் எழுதுதுக."

மூன்று பேர் இருக்கிறார்கள். சங்கம் அங்கிருந்தே தொடங்கலாம்.