தடத்தோரமே போகட்டும்

வீட்டு மெயின் பெட்டியிலிருந்து கட்டுத்தரைக்கு நேராக அளந்தால் 120 அடி. வண்டித்தடத்தை ஒட்டி, கிளுவை வேலியோரமாகச் சுற்றினால் 200 அடி. "நேராவே போட்டுரலாங்க்கா, எம்பது அடி கேபிள் மிச்சம்" என்றார் வயர்மேன் தம்பி. சுற்றியே போகட்டும் என்றேன். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறவள் நான்.

இதுவரை வயர் தலைக்கு மேலேதான் வந்தது, மாமனார் காலத்தில் வேப்பமரத்தில் கட்டி இழுத்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால் சுல்தான்பேட்டைப் பக்கத்து எங்கள் காட்டுக்கு வந்துதான் மூச்சு விடும். போன ஆடியில் வயர் தகர விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்துவிட்டது. விடியற்காலை பால் கறக்கப் போனால், மாடு இரும்புத் தூண் பக்கம் வராமல் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது. "என்னடி அடம்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். தூணில் கை வைத்த பிறகுதான் அதன் அடம் எனக்குப் புரிந்தது. ரப்பர் செருப்பு காப்பாற்றியது.

இப்போது மின்கசிவு வந்தால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தாயிற்று. கேபிள் இரண்டரை அடி ஆழத்தில், அடியில் மணல், மேலே செங்கல். அப்புறம் ஏன் நேராகப் போகக் கூடாது? இன்றைக்குச் சோளம். நாளைக்கு மகன் தென்னை வைக்கக் குழி எடுத்தால் மூன்றடி. கேபிள் எங்கே கிடக்கிறதென்று அன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? தடத்தோரத்தை எவனும் உழ மாட்டான்.

நீளம் கூடினால் மோட்டார் திணறும் என்றார் தம்பி. நியாயம்தான். ஒரு ஸ்கொயர் வயரில் 200 அடிக்குத் தட்டு வெட்டும் மெஷினை ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு வோல்ட் வழியிலேயே போய்விடும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு. நாலு ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு போட்டால் ஐந்தாறு வோல்ட்டோடு முடிந்தது.

2018 டிசம்பரில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து இதைத்தானே கேட்டோம்? சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் பாதை வந்தபோது, காட்டுக்குள் கோபுரம் வேண்டாம், சாலையோரம் புதையுங்கள் என்றோம். அவ்வளவு அழுத்தத்தைப் புதைக்க முடியாது என்றார்கள் அதிகாரிகள். 800-க்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் பாதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கி வைத்தது. எங்கள் பக்கம் கோபுரம். கேரளத்தில் வடக்கஞ்சேரியில் மண்ணுக்குள் இறங்கி, கேபிளாகத் திருச்சூர் போய்ச் சேர்கிறது. அங்கே வீடுகள் நெருக்கம் என்பார்கள். இங்கே காடு காலி என்று வரைபடம் சொல்லியிருக்கும். கோபுரக் கால்களுக்கு நடுவே ரொட்டவேட்டர் திரும்பாது, கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது என்பதெல்லாம் எந்த வரைபடத்தில் வரும்? 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் அவர்கள் கையிலிருக்க, எங்களைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. இனி ஒரு பாதை வருவதானால், அளவுக்கல் நடுவதற்கு முன்பே கிராமசபையில் வரைபடத்தை விரிக்கட்டும். காட்டுக்காரர் கோடு போட்டுக் காட்டுவார்.

எங்கள் குழி மூடியாயிற்று. பத்தடிக்கு ஒரு கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். பேரன் வேலியோரமாக ஓடி ஓடி எண்ணுகிறான், இருபது வரை.